நாலு எலெக்ட்ரானுக்கு யார் பதில் சொல்வது?

ஆயுத பூஜையன்று ஒரு மீட்டருக்குச் சந்தனம் பூசி, பாசிர் கூடாங்கில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையை மத்தியானம் முழுக்க நிறுத்தி வைத்தவன் நான். மீட்டரின் உடம்பில் பூசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் மூக்கில் பூசினேன். தண்ணீருக்குள் இறங்கி மோந்து பார்த்துச் சேதி சொல்ல வேண்டிய முனை அது. பக்தி கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் பட்டையாக இழுத்து நடுவில் குங்குமமும் வைத்தேன். அங்கே எனக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் இன்னும் சங்கடம். நான்தான் பாதுகாப்பு அதிகாரி.

அந்தக் கதையில் எனக்குக் கோமாளி வேஷம். நாயகி எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்த கெமிஸ்ட். பெயர் போட மாட்டேன். போட்டால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, இந்தப் பத்தியில் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று செய்தி அனுப்புவார். என்னைவிட இளையவர். என்னை "அண்ணே" என்பார், நான் "மேடம்" என்பேன். அந்த "அண்ணே"யில் மரியாதை எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை.

பிரித்துப் பார்ப்பது அவருடைய வேலை. வேலை என்ன வேலை, சுபாவமே அதுதான். எந்த விவகாரத்தையும் முதலில் இரண்டாக வெட்டுவார். கொடுத்தவன் ஒரு பக்கம், வாங்கியவன் ஒரு பக்கம். இரண்டு பேரும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகிற வரை விடமாட்டார். எலெக்ட்ரான் கைமாறும் ரிடாக்ஸ் சமன்பாட்டைச் சரிக்கட்டுகிற முறை அதுவாம். நாம் அதைப் பள்ளியோடு விட்டுவிட்டு வந்தோம். அவர் அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டார், சிலர் ஹாஸ்டல் தலையணையைக் கொண்டுவருவது மாதிரி.

ஒருநாள் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர், தன் சாப்பாட்டு டப்பாவின் மூடி காணாமல் போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"காணாம போறதுன்னு ஒன்னு கெமிஸ்ட்ரியில கிடையாதுக்கா," என்றார் இவர். "உங்ககிட்டருந்து போச்சுன்னா இன்னொருத்தர்கிட்ட வந்திருக்கணும். எடுத்தது யாரு?"

கேட்டுக்கொண்டே எழுந்தார். மேசை மேசையாக நடந்தார். மூடி என் காப்பிக் குவளையின் மேல் இருந்தது. ஈ விழாமல் இருக்க வைத்திருந்தேன், அது யாருடைய மூடி என்று யோசிக்கவில்லை. அவர் திட்டவில்லை. "இப்ப சரியாப் போச்சு," என்று மட்டும் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு எலெக்ட்ரான் என்றால் கொஞ்சம் பயம்.

குமரன் என்று ஒரு பையன், கழிவுநீர்ப் பிரிவு ஆபரேட்டர், சிகாமட் பக்கத்து ஊர்க்காரன். பையன் என்று சொல்கிறேனே தவிர முப்பதைத் தொட்டவன். அவன் பழகிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். சோகத்தை ஆய்வுக்கூட வாசலில் வந்து இறக்கி வைத்தான்.

"தூக்கமே போச்சுக்கா."

"உன் தூக்கம் போச்சா. அந்தப் பொண்ணு நல்லாத் தூங்குதா?"

"நல்லாத் தூங்குறான்னு அவ தங்கச்சி சொன்னா."

"அப்ப சரியாத்தான் இருக்கு. போய் வால்வைப் பாரு."

கல்மனசு என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவனுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். மறுநாள் அவன் வாங்கித் தரும்வரை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செட்டிநாட்டு வழி வந்த குடும்பம், வட்டிக்கடை ரத்தம், அதுதான் இப்படி என்று சிலர் பின்னால் பேசினார்கள். அது அவர் காதுக்கு எட்டியது. "எங்கப்பா ஃபேக்டரி பஸ் ஓட்டினாருலா," என்றார். "ஏறினவன் எத்தனை, இறங்கினவன் எத்தனை, அதை மட்டும் பாப்பாரு. ராத்திரி பஸ்ல ஒருத்தன் தூங்கிக் கிடந்தா, வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட அதைத்தான் சொல்வாரு."

அவரைப் பாராட்டுவதும் கஷ்டம். மீன் கறி நன்றாக இருக்கிறது என்றால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்ப்பார். இதற்கு ஈடாக என்ன கேட்கப் போகிறாய் என்கிற பார்வை. பெரும்பாலும் நான் லீவில் போகும்போது என் வேலையைப் பார்த்துக்கொள்வதாக லீவு பாரத்தில் கையெழுத்துக் கேட்கத்தான் போயிருப்பேன்.

என் மகள் ஐந்தாம் படிவத்தில், அதாவது பள்ளி இறுதி வகுப்பில், இருந்த வருஷம், நான் என் அறிவை வீட்டில் நிலைநாட்ட முயன்றேன். வெள்ளி உப்புக் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் வெள்ளி ஒதுங்கி வரும், செம்பு கரைந்து போகும். சமன்பாட்டைச் சரிக்கட்டு என்று கேள்வி. பார்த்தேன். இந்தப் பக்கம் செம்பு ஒன்று, வெள்ளி ஒன்று. அந்தப் பக்கமும் செம்பு ஒன்று, வெள்ளி ஒன்று. "இதில சரிக்கட்ட என்னம்மா இருக்கு? ஏற்கெனவே சரியாத்தானே இருக்கு. உங்க டீச்சர் சோதிச்சுப் பாக்குறாங்க," என்றேன். டீச்சர் உண்மையிலேயே சோதித்தார். மகள் அதன் பிறகு அம்மாவிடம் மட்டுமே பேசினாள்.

அந்தத் தாளைக் கேன்டீனுக்கு எடுத்துப்போய் இவரிடம் காட்டினேன். எனக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை.

"ஆளை எண்ணிட்டீங்கண்ணே. ஆளு என்ன நெலமையில இருக்கான்னு பாத்தீங்களா?" ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே விரலால் காட்டினார். "வெள்ளி வரும்போது ஒரு எலெக்ட்ரான் குறைஞ்சு வருது. அதனால இந்தப் பக்கம் மொத்தம் பிளஸ் ஒன்னு. செம்பு போகும்போது ரெண்டு எலெக்ட்ரானைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போகுது. அந்தப் பக்கம் பிளஸ் ரெண்டு. கொடுத்தது ரெண்டு, வெள்ளி வாங்கினது ஒன்னு. இன்னொன்னு எங்க? கேன்டீன்ல உக்காந்து தே தாரே குடிக்குதா?"

"அதுக்கு என்ன பண்றது?"

"இன்னொரு வெள்ளியைக் கூப்பிடுங்க. ஒரு செம்புக்கு ரெண்டு வெள்ளி. கொடுத்தவனைத் தனியா எழுதுங்க, வாங்கினவனைத் தனியா எழுதுங்க. எலெக்ட்ரான் கணக்கு ரெண்டு பக்கமும் ஒன்னாகிற வரைக்கும் பெருக்குங்க. அப்புறம் சேருங்க. மிச்சம் நின்னா எங்கயோ பொய் இருக்குன்னு அர்த்தம்."

"ஆக்சிஜன் ஹைட்ரஜன் எல்லாம் வருமே?"

"ஆக்சிஜன் குறைஞ்சா அந்தப் பக்கம் தண்ணியைச் சேருங்க. ஹைட்ரஜன் குறைஞ்சா அமிலத்துலருந்து எடுத்துக்குங்க. அதெல்லாம் பந்தல், நாற்காலி. பொண்ணு மாப்பிள்ளை எலெக்ட்ரான்தாண்ணே."

நான் பந்தல் நாற்காலியை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டேன். அதன் பலன் ஆயுத பூஜையன்று தெரிந்தது.

எங்கள் ஆலையில் குரோமிய முலாம் பூசுவார்கள். கழுவிய தண்ணீரில் குரோமியம் விஷமாக மிஞ்சும். மஞ்சள் நிறம். அதை அப்படியே வாய்க்காலில் விடக் கூடாது. ஒரு தொட்டியில் பிடித்து, அமிலம் விட்டு, சல்பைட் என்கிற தூளைக் கரைத்துச் சேர்ப்பார்கள். சல்பைட் எலெக்ட்ரானைக் கொடுக்கும், குரோமியம் வாங்கிக்கொண்டு அடங்கும், தண்ணீர் பச்சையாகும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு போட்டு வண்டலாக எடுத்துவிடலாம். சல்பைட் போதுமா போதாதா என்று சொல்வதுதான் நான் பூசிவிட்ட மீட்டர். தண்ணீரில் எலெக்ட்ரானுக்கு அலையும் பசி எவ்வளவு மிச்சம் என்று அது அளக்கும். பசி தீர்ந்ததும் சல்பைட் பம்பு தானாக நிற்கும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைப்போம். மேனேஜர் சீனர், நல்ல மனுஷர். இந்த மாதிரி விஷயங்களில் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். தானும் நெற்றியில் பொட்டு வாங்கிக்கொண்டு, கைகூப்பி நின்று படம் எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் கழிவுநீர்ப் பிரிவுக்கும் பூஜை என்று நான்தான் யோசனை சொன்னேன். மீட்டர் முனையைச் சுத்தம் செய்ய வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அழகாக, சின்ன லிங்கம் மாதிரி இருந்தது. பூசி, பொட்டோடு அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். மிச்சமிருந்த ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். எல்லோரும் கும்பிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குமரன் ஓடிவந்தான்.

"சார், பம்பு நின்னுருச்சு. மீட்டர் முடிஞ்சுதுங்குது. ஆனா தண்ணி மஞ்சளாவே இருக்கு."

"மஞ்சத்தண்ணி ஊத்தினோம்லப்பா. அந்த மஞ்சள்தான்."

"ஒரு சொம்புதானே சார் ஊத்துனீங்க?"

"ஊர்லருந்து வந்த மஞ்சள். அசல்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அடுத்த தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. இந்தத் தொட்டியை விடாவிட்டால் முலாம் வரிசையையே நிறுத்த வேண்டும், அன்று போக வேண்டிய சரக்கு போகாது. மீட்டர் சரி என்கிறதே, திற என்றார். குமரன் வால்வில் கை வைத்தபடி நின்றான். அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் முடிகிறது. விஷத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனால், திறந்தவன் யாரோ அவன் வீட்டுக்குப் போவான். திறக்காமல் வீணாக வரிசை நின்றாலும், திறக்காதவன் வீட்டுக்குப் போவான். அவன் என்னைப் பார்த்தான். நான் படித்தவன் என்ற எண்ணம் அவனுக்கு எப்படியோ இருந்தது. என் மேசையில் எப்போதும் தடித்த நாவல் கிடக்கும், அதனால் இருக்கலாம்.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. "இருங்க, கணக்குப் போட்டே சொல்லிடுறேன்," என்று கட்டுப்பாட்டு அறையின் வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தேன். மஞ்சள் விஷமான டைகுரோமேட் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்றைச் சுமந்த சல்பைட் ஒன்று. அந்தப் பக்கம் குரோமியம் இரண்டு, சல்பேட் ஒன்று. ஆக்சிஜன் இடித்தது, ஆறு தண்ணீர் சேர்த்தேன். ஹைட்ரஜன் இடித்தது, பதினொன்றை அமிலத்திலிருந்து எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். குரோமியம், கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு அழகாக ஒத்துப்போனதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் இவ்வளவு குரோமியத்துக்கு எவ்வளவு சல்பைட் வேண்டும் என்று பார்த்தால், பம்பு அதுவரை போட்டிருந்த அளவு கிட்டத்தட்ட அதேதான்.

"பாஸ், மீட்டரும் சரிங்குது, கெமிஸ்ட்ரியும் சரிங்குது," என்றேன். மேனேஜர் என் தோளைத் தட்டினார். குமரன் வால்வை இறுகப் பிடித்தான்.

அப்போதுதான் இவர் உள்ளே வந்தார். பூஜைக்கு வராதவர், பிரசாதக் கடலைக்கு வந்தார். ஒரு காகிதக் கிண்ணத்தில் கடலையை அள்ளிக்கொண்டு பலகையைப் பார்த்தார். மென்றார். மறுபடி பார்த்தார்.

"குமரா, கையை எடு," என்றார். பிறகு என்னிடம், "யாருண்ணே எழுதுனது?"

"நான்தான் மேடம். அணு எல்லாம் எண்ணிப் பாத்துட்டேன்."

"அணு சரி. சார்ஜ் எண்ணுனீங்களா?" கடலையை வாயில் போட்டுக்கொண்டே எண்ணினார். "இடப்பக்கம் மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒன்னு, பிளஸ் பதினொன்னு. எட்டு. வலப்பக்கம் குரோமியம் ரெண்டுக்கும் சேத்து பிளஸ் ஆறு, சல்பேட் மைனஸ் ரெண்டு. நாலு. எட்டும் நாலும் ஒன்னாண்ணே?"

நான் பலகையைப் பார்த்தேன். அது எனக்கு உதவவில்லை.

"ஒரு குரோமியத்துக்கு மூணு எலெக்ட்ரான் வேணும். ரெண்டு குரோமியம், ஆறு எலெக்ட்ரான். ஒரு சல்பைட் கொடுக்கறது ரெண்டு. ஆறு கேட்டு நிக்குது, ரெண்டுதான் வந்திருக்கு. மீதி நாலு எலெக்ட்ரானுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

பேனாவை எடுத்து, சல்பைட்டுக்கு முன்னால் ஒரு மூன்று போட்டார். தண்ணீரையும் அமிலத்தையும் அதற்குத் தகுந்தபடி திருத்தினார். இரண்டு பக்கமும் சுழி என்று வந்தது. மேனேஜரிடம் மலாயில், போட்டது ஒரு பங்கு, வேண்டியது மூன்று பங்கு, தொட்டியில் முக்கால்வாசி விஷம் அப்படியே இருக்கிறது என்றார். முக்கால் இல்லை, மூன்றில் இரண்டு என்று உடனே தன்னையே திருத்திக்கொண்டார். அந்த நேரத்திலும்.

மேனேஜருக்கு நம்ப மனசில்லை. சரக்கு லாரி வாசலில் நிற்கிறது. என்னைக் காட்டி, இந்த மஞ்சள் பூஜை மஞ்சள் என்று இவர் சொல்கிறாரே என்றார். நானும், மூழ்குகிறவன் பிடித்துக்கொள்வது மாதிரி, "ஆமா மேடம், அசல் மஞ்சள்," என்றேன்.

"ஆரத்தி கரைச்சுப் பாத்திருக்கீங்களாண்ணே?"

பூஜைத் தட்டிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்தார். சொம்பின் அடியில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீர் ஒரு கிளாஸில், தொட்டித் தண்ணீர் இன்னொரு கிளாஸில். இரண்டிலும் தாராளமாகச் சுண்ணாம்பைக் கரைத்தார். முதல் கிளாஸ் குபுக்கென்று சிவந்தது. எந்தக் கல்யாண வீட்டு வாசலிலும் கொட்டலாம், அப்படி ஓர் ஆரத்தி. இரண்டாவது கிளாஸில் அடியில் கொஞ்சம் பச்சைச் சேறு இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் அதே மஞ்சள். சிவப்பின் சாயல்கூட இல்லை.

"ஆய்வுக்கூடத்துல இதுக்கு மருந்து இருக்கு. ஆனா அதைச் சொன்னா நீங்க யாரும் நம்ப மாட்டீங்க," என்றார்.

அடுத்ததாக மீட்டர் முனையை வெளியே இழுத்தார். சந்தனம் நன்றாக இறுகி மூக்கை அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தார். "நல்ல சந்தனம்."

மேனேஜருக்கு இப்போது புரிந்தது. "சியாப்பா சுரோ?" என்றார். யார் உன்னைச் செய்யச் சொன்னது என்று அர்த்தம். கேட்டது என்னை. ஆனால் சொல்லி முடிக்கும்போது அவர் கண் குமரன் மேல் போய் நின்றது. ஷிஃப்டில் இருப்பவன் நீ, முனையை நீ பார்த்திருக்க வேண்டாமா, நீ எதற்கு இருக்கிறாய் என்று ஆரம்பித்தார். குரல் ஏறியது. குமரன் தலையைக் குனிந்துகொண்டான். மூச்சுவிட நேரமில்லாமல் பழி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாஸ், ஒரு நிமிஷம்," என்றார் இவர். கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் எதையாவது கீழே வைத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "குமரனுக்கு வேலை போகுதுன்னா, அது போய் யாருகிட்ட சேருது? பூசினது இவரு. பக்கத்துல கைகூப்பி நின்னது நீங்க. படம்கூட இருக்கு, உங்க பொட்டோட. நடுவுல இவன் எங்க வர்றான்?"

மேனேஜர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பொட்டு இன்னும் இருந்தது.

"நான்தான் பாஸ் பூசினேன். குமரன் அப்ப வெளிய தேங்கா உடைச்சிட்டு இருந்தான்," என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். எல்லோரும் பார்க்கப் பூசியதை ஒத்துக்கொள்வதில் வீரம் எங்கே இருக்கிறது?

"அலமாக்," என்று அங்கலாய்த்தார் மேனேஜர். தெய்வத்தையும் திட்ட முடியவில்லை, தன்னையும் திட்ட முடியவில்லை. வரிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு லாரிக்காரனிடம் பேசப் போனார்.

முனையைக் கழுவினோம். குமரன் இன்னும் இரண்டு பங்கு சல்பைட் போட்டான். தீக்குச்சி உரசிய நாற்றம் மூக்கில் ஏறியது. இவர் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். மஞ்சள் வெளுத்து, சற்று நேரம் எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்து, பச்சைக்குத் திரும்பியது. ஆய்வுக்கூட மருந்திலும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குமரனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வால்வைத் திறந்தான். அடுத்த வாரம் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அன்று கிளம்பும்போது இவர் என்னிடம், "அணுவை மட்டும் சுத்தமா எண்ணியிருந்தீங்கண்ணே, பரவால்ல," என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. ஈடாக என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அவரும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

பிறகு அவர் கெலாங் பாத்தா பக்கம் வேறோர் ஆலைக்கு மாறிப்போனார். விடைபெறும் விருந்தில் எல்லோரும் ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொன்னோம். அவர் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தார். அவர் போன பிறகு பல நாள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டும்போது, என் கையில் வேறு யாருடைய பொருளாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன்.

கொஞ்ச நாள் கழித்து, கேன்டீனில் குமரன் எதிரில் வந்து உட்கார்ந்தான். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. "அன்னிக்கு அந்த மேடம் மட்டும் இல்லன்னா உன் வேலை போயிருக்கும் குமரா. பாத்துக்க, நானும் ஒத்துக்கிட்டேன். ரெண்டு பேருமா சேந்து உன்னைக் காப்பாத்தினோம்."

அவன் ரொட்டியைக் கறியில் தோய்த்தபடி சொன்னான்: "ஆமா சார். எங்க மச்சான் சிங்கப்பூர்ல ஒரு வேலை பேசி வச்சிருந்தாரு. இங்க ஒப்பந்தத்தை நீட்டலன்னா வந்துருன்னு சொன்னாரு. நீட்டிட்டாங்க. அந்த வேலைக்கு இப்ப எங்க பக்கத்து வீட்டுப் பையன் போய்க்கிட்டிருக்கான், கார் வாங்கிட்டான்."